தீர்ப்பு தெரியாத ஒரு வழக்கு

பயமுறுத்துவதற்கென்றே எழுதப்படுகிற எழுத்தை விமர்சனம் தொட வேண்டியதில்லை என்ற அபிப்பிராயம் நம்மிடையே ஸ்திரமாக இருக்கிறது. விளையாடுவதற்கென்று எழுதப்பட்டதை எழுத்து என்று ஒப்புக்கொள்வதற்கே தயக்கம். இந்த இரண்டு குற்றங்களையும் சேர்த்துச் செய்திருக்கிற ஒரு சிறு பிரதியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இலக்கியத் தரம் என்று நாம் வழக்கமாகத் தேடுகிற எதுவும் அதில் இல்லை. மொழி தட்டையானது, பாத்திரங்கள் பெயரளவுக்கே பாத்திரங்கள். ஆனாலும் ஒரு வீட்டின் பேரில் யாருக்கு என்ன பாத்தியதை என்ற கேள்வியை அது தொட்டுவிடுகிறது. தொட்டதே தெரியாதது போல் நகர்ந்தும் விடுகிறது. அந்த நகர்தல்தான் என்னை உறுத்துகிறது.

விஷயம் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் இருவரும் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்ததிலிருந்து, வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்றொரு வகை உண்டாயிற்று. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ‘நான் கதவைத் திறக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் திறந்ததாக அர்த்தம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். ஒருவர் மட்டும் பாத்திரம் எதையும் ஏற்காமல் உலகமாக இருக்கிறார். கதவுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்ல வேண்டியவர் அவர். அவர் கையிலிருக்கும் பிரதியைத்தான் சினாரியோ என்கிறார்கள். ஆட்டப்பிரதி என்று வைத்துக்கொள்ளலாம்.

நாடகப் பிரதியோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்புமை சீக்கிரமே நொண்டுகிறது. நாடகப் பிரதியில் பேச்சு இருக்கிறது. இடத்தைப் பற்றி நாலு வரிக்குறிப்போடு சரி. இங்கே இடம் முழுதும் எழுதப்பட்டிருக்கிறது, எந்த அலமாரியில் என்ன என்பது வரை. அதற்குள் வந்து நிற்க வேண்டியவன்தான் எழுதப்படவில்லை. அனுபவத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது இந்த உருவத்தின் நிபந்தனை. ‘அவன் உடல் சிலிர்த்தது’ என்று எழுத இங்கே ஆசிரியனுக்கு உரிமை கிடையாது. நம் மாத நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் சிலிர்க்கிற உடல்களை நினைத்தால் இந்தத் தடை ஒன்றுக்காகவே இதற்கு ஒரு மரியாதை தரலாம்.

நான் சொல்லவந்த பிரதி ‘கால் ஆஃப் க்துல்ஹு’ என்ற ஆட்டத்தைச் சேர்ந்தது. சாண்டி பீட்டர்சன் எழுதியது. கேயாசியம் என்ற நிறுவனம் 1981ல் வெளியிட்டது. எச். பி. லவ்கிராஃப்டின் கதைகள் இதற்கு ஆதாரம். விதிநூலின் கடைசிப் பகுதியில், புதிதாக ஆட வருகிறவர்களுக்காக, ‘தி ஹான்டட் ஹவுஸ்’ என்றொரு சிறு ஆட்டப்பிரதி இருந்தது. பின்னால் ‘தி ஹான்ட்டிங்’ என்று பெயர் மாறியது. பதிப்புக்குப் பதிப்பு மெருகேறி, ஏழாம் பதிப்புக்கான இலவச அறிமுக ஏட்டிலும் அதுவே இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஆட்டத்துக்குள் வருகிறவர்களில் கணிசமானவர்கள் நுழைகிற முதல் வீடு இதுதான். முதல் பாடம் எதைக் கற்றுத்தருகிறது என்று கேட்பது நியாயமே.

கதை 1920ல், பாஸ்டன் நகரத்தில். நாட் என்கிற வீட்டுச் சொந்தக்காரர் ஆட்டக்காரர்களை அணுகுகிறார். அவருக்குச் சொந்தமான ஒரு பழைய வீட்டில் கடைசியாகக் குடியிருந்த மக்காரியோ என்ற குடும்பத்துக்கு ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது. வீடு காலியாகக் கிடக்கிறது. அங்கே என்ன கோளாறு என்று பார்த்துச் சரிசெய்து தந்தால் பணம் தருகிறேன் என்கிறார். சாவியைக் கொடுக்கிறார். அவ்வளவுதான் துவக்கம்.

இங்கே ஆட்டக்காரர்களுக்கு இரண்டு வழி. நேரே வீட்டுக்குப் போகலாம். அல்லது முதலில் பத்திரிகை அலுவலகம், நூலகம், ஆவணக் காப்பகம் என்று அலையலாம். நேரே போகிறவர்களுக்குக் கிடைப்பது ஒரு கத்திச் சண்டை. அலைகிறவர்களுக்கே பிரதி தன்னை முழுதாகத் தருகிறது. குகைக்குள் போய்ப் பூதத்தை வெட்டிப் புதையல் எடுத்துப் பழகிய ஒரு கேளிக்கையில், நூலகத்தில் உட்கார்ந்து பழைய காகிதம் புரட்டுவதை வீரச் செயலாக்கிக் காட்டியது சாதாரணக் காரியம் இல்லை. நூலகத் தேர்ச்சி என்று பாத்திரத்தின் தகுதிகளில் ஒன்றாகவே அதற்கு எண் போட்டிருக்கிறார்கள்.

காகிதங்களில் இருப்பது இது. 1835ல் ஒரு பணக்கார வியாபாரி அந்த வீட்டைக் கட்டுகிறார். கட்டிய கையோடு நோய்வாய்ப்பட்டு வால்ட்டர் கார்பிட் என்ற கனவானுக்கு விற்றுவிடுகிறார். 1852ல் அக்கம்பக்கத்தார் கார்பிட்டை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போடுகிறார்கள். அவருடைய பழக்கவழக்கங்களும் தோரணையும் அவர்களுக்குச் சகிக்கவில்லை. வழக்கு என்னவாயிற்று என்று நேராக எங்கும் இல்லை. 1866ன் மரண அறிவிப்பிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும்: இறக்கும்போது கார்பிட் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறார். ஆகவே ஜெயித்திருக்கிறார். அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. தன்னைத் தன் வீட்டு நிலவறையிலேயே புதைக்க வேண்டும் என்று கார்பிட் உயில் எழுதியிருக்கிறார். அதைத் தடுக்கக் கோரி இரண்டாவது வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டாவது வழக்கின் தீர்ப்பு எந்தக் காகிதத்திலும் கிடைப்பதில்லை.

இந்த இடம் அபாரமானது. ரத்தம் இல்லை, ஓலம் இல்லை, நிழல் கூட இல்லை. ஒரு சிவில் வழக்கின் தீர்ப்புப் பக்கம் காணவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காணாமல்போன பக்கத்தின் அர்த்தம் மெல்ல உறைக்கிறபோது மேசையைச் சுற்றி ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தைப் பிரதி எழுதவில்லை. தீர்ப்பைச் சொல்லாமல் விட்டது மட்டும்தான் ஆசிரியனின் வேலை. அதைப் போய் நிரப்புகிறவன் ஆட்டக்காரன். ‘வாசகப் பங்கேற்பு’ என்று நாம் கட்டுரைகளில் எழுதி எழுதித் தேய்த்த வார்த்தைக்கு இங்கே ஒரு பிரத்யட்சமான உதாரணம் இருக்கிறது. தெரிந்துகொள்ள ஒரே வழி நிலவறைக்குள் இறங்குவது. சட்டத்தின் பதிலைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஒரு விசித்திரமான மதக்கூட்டத்தின் போதகரிடம் இருந்தது, அந்தக் கூட்டத்தின் தேவாலயம் 1912ல் போலீஸ் சோதனைக்குப் பிறகு மூடப்பட்டது என்று ஒரு கிளையும் வருகிறது. இடிபாடு, ரகசியக் குறி, பழைய புத்தகம். லவ்கிராஃப்ட் சம்பிரதாயத்துக்கான கப்பம். இதில்லாமலே பிரதி நிற்கும்.

முக்கியமான காகிதம் வேறொன்று. 1918ல் பாஸ்டன் குளோப் பத்திரிகைக்காக எழுதப்பட்டுக் கடைசிவரை அச்சேறாத ஒரு கட்டுரை. அதுவும் பத்திரிகை அலுவலகத்தில்தான் கிடைக்கிறது. 1880ல் பிரெஞ்சுக்காரர்கள், புதிதாகக் குடியேறிய குடும்பம், அந்த வீட்டுக்கு வந்தார்கள். பெற்றோர் கோரமாக இறந்தார்கள், குழந்தைகள் ஊனமானார்கள். வீடு வெகுகாலம் காலியாகக் கிடந்தது. 1909ல் இன்னொரு குடும்பம், உடனே வியாதி. 1914ல் அந்த வீட்டு மூத்தவனுக்குப் புத்தி பேதலித்து, சமையலறைக் கத்தியால் தன்னை மாய்த்துக்கொண்டான். அதற்கப்புறம் 1918ல் மக்காரியோக்கள். அவர்கள் இத்தாலியர்கள். தகப்பன் வித்தோரியோ, தாய் கப்ரியேலா இருவரும் இப்போது நகரத்துக்கு வெளியே மனநோய் விடுதியில். இரண்டு பையன்களை பால்டிமோரில் உறவினர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியலைப் படித்த கையோடு, இதன் மூலவித்து என்று சொல்லத்தக்க லவ்கிராஃப்டின் ‘தி ஷன்ட் ஹவுஸ்’ கதையையும் படித்துப் பார்க்க வேண்டும். 1924ல் எழுதியது, அவர் இறந்த 1937ல்தான் பத்திரிகையில் வந்தது. அதிலும் ஒரு வீடு, பிராவிடன்ஸ் நகரத்தின் பெனிஃபிட் தெருவில். அதிலும் தலைமுறை தலைமுறையாகச் சாவுகள், அதிலும் காகிதம் புரட்டுதல், அதிலும் நிலவறை. ஆனால் அங்கே செத்துக்கொண்டிருப்பது ஹாரிஸ் என்ற பூர்வீக ஆங்கிலப் பெயர் கொண்ட சொந்தக்காரக் குடும்பம். அடியில் கிடந்து அவர்களை உறிஞ்சுவது ரூலே என்கிற பிரெஞ்சு ஹ்யூகனாட் வம்சத்தின் எச்சம். வந்தேறிகள், அந்தக் காலத்திலேயே ஊராரால் சந்தேகிக்கப்பட்டவர்கள். கெடுதல் வெளியிலிருந்து வந்து மண்ணுக்குள் தங்கிவிட்டது என்பது அந்தக் கதையின் எலும்பு. லவ்கிராஃப்ட் அப்போது நியூயார்க்கில் இருந்தார். புலம்பெயர்ந்து வந்தவர்களின் முகங்களைப் பார்த்து அவருக்கு ஏற்பட்ட அருவருப்பு கடிதங்களில் கொட்டிக் கிடக்கிறது. அடுத்த வருஷம் எழுதிய ‘தி ஹாரர் அட் ரெட் ஹுக்’ அந்த அருவருப்பின் பச்சையான வடிவம். மோசமான கதை, கலையாகவும் மோசம்.

இப்போது ஆட்டப்பிரதியைப் பாருங்கள். அடியில் கிடப்பவன் ஆங்கிலப் பெயர் கொண்ட கனவான், கிரயப்பத்திரம் வைத்திருப்பவன், வழக்கில் ஜெயித்தவன். மேலே வந்து சாகிறவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியர்கள், வாடகைக்கு வந்தவர்கள். லவ்கிராஃப்டின் சமன்பாடு தலைகீழாகிவிட்டது. பீட்டர்சன் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். பிரதியில் அப்படி ஒரு பிரக்ஞையின் தடயம் எங்குமில்லை. ஒருவேளை பாஸ்டனில் மலிவு வாடகைக்கு யார் வருவார்கள் என்று சாதாரணமாக யோசித்ததன் விளைவாக இருக்கலாம். எப்படியானாலும் பிரதி சொல்வது இது: செத்த பிறகும் வீட்டைக் காலிசெய்ய மறுக்கிற ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், அவன் மேல் குடித்தனம் வைக்க நேர்கிறவர்கள் அழிகிறார்கள். கார்பிட் பேயே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பேய்க்கு ஏதாவது ஒரு குறை இருக்கும், கேட்க ஒரு நியாயம் இருக்கும். இவனுக்கு எந்தக் குறையும் இல்லை. உயிலில் எழுதியபடி தன் வீட்டில் இருக்கிறான்.

இவ்வளவு தூரம் வந்த பிரதி ஏன் கைநழுவிப் போகிறது என்பதற்கு ஆட்டத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் அசலான ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்தின் சித்த சுவாதீனமும் ஓர் எண். ஆரம்பப் பதிப்புகளில் மனவலிமையின் எண்ணை ஐந்தால் பெருக்கினால் தொடக்க இருப்பு கிடைத்துவிடும். காணத்தகாததைக் காணும்போது நூறு வரைக்குமான பகடையை உருட்ட வேண்டும். இருப்புக்குள் விழுந்தால் சிறிய நஷ்டம், மீறினால் பெரிய நஷ்டம். ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் பித்துப் பிடிக்க வாய்ப்புண்டு. இதைவிடக் கூர்மையானது ஒன்று: பிரபஞ்சத்தின் உண்மையைப் பற்றிய ஞானத்துக்கும் ஓர் எண் உண்டு. அது ஏறும் அளவுக்குச் சுவாதீனத்தின் உச்சவரம்பு இறங்கும். 99லிருந்து ஞானத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஒருவன் எட்டக்கூடிய தெளிவு. அறிவு மனிதனை மீட்கும் என்ற நம்பிக்கைக்கு எதிராக லவ்கிராஃப்ட் பெயரடைகளை அடுக்கி அடுக்கிச் சொன்னதை இந்த ஒரு கழித்தல் கணக்கு சொல்லிவிடுகிறது.

பகல் முழுதும் பற்றும் வரவும் எழுதிக் கை மரத்தவனுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் எந்தப் பேரேட்டிலும் பார்க்க வேண்டியது அதில் பதிவாகாமல் போவது எது என்பதை. 1880ன் அந்தப் பிரெஞ்சுக் குழந்தைகளைப் பற்றிப் படிக்கிறவனின் சுவாதீனக் கணக்கில் ஒரு புள்ளி பற்று எழுதப்படுவதில்லை. 1914ல் கத்தியை எடுத்தவனுக்கும் இல்லை. மனநோய் விடுதிக்குப் போய் மக்காரியோக்களைப் பார்க்கலாம். கப்ரியேலாவிடமிருந்து ஒரு துப்புக் கிடைக்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நேரில் பார்ப்பது கணக்கில் ஏறாது. பிறகு வீட்டின் மாடியில் ஒரு கட்டில் தானாக நகர்கிறது. உடனே பகடை! மனிதர்களுக்கு நேர்ந்தது தகவல், மரச்சாமானுக்கு நேர்ந்தது அதிர்ச்சி. இது சிறிய குறை என்று சொல்வார்கள். எனக்கு இது இந்த ஆட்டத்தின் தார்மீகத்தையே காட்டிக்கொடுக்கிற இடமாகப் படுகிறது.

வீட்டுக்குள் நடப்பதை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. கட்டில் பாய்ந்து ஆளை ஜன்னல் வழியே வெளியே எறிகிறது. இது நன்றாக இருக்கிறது, தூங்கும் இடம் துரத்துவதில் ஒரு பொருத்தம் இருப்பதால். நிலவறையில் கத்தி ஒன்று தானாகப் பறக்கிறது. பலகைச் சுவருக்குப் பின்னால் எலிகள். அதற்கும் பின்னால் கார்பிட், உலர்ந்து விறகாகி, விழித்தபடி. எழுந்து சண்டை போடுகிறான். அவனுடைய சொந்தக் கத்தியே அவனுக்கு எமன். முற்பாதியில் ஒரு தீர்ப்புப் பக்கத்தைக் காணாமல் அடித்து உண்டாக்கிய கனம் முழுதும் இங்கே காற்றுப் போன பந்தாகிறது. தீர்ப்பு என்ன என்ற கேள்விக்கு விடையாக ஒரு பிணம் வந்து நின்று, குத்தினால் சாகிறது. உருவம் பலவீனப்பட்டதல்ல பிரச்னை. ஆட்டம் என்றிருந்தால் முடிவில் கையில் அகப்படுகிற ஏதோ ஒன்று வேண்டும் என்ற மலினமான நிர்ப்பந்தத்துக்குப் பிரதி பணிந்துவிட்டது.

முடிவில் நடப்பது இன்னும் மோசம். கார்பிட்டை ஒழித்தவர்களுக்குச் சுவாதீனம் வரவு வைக்கப்படுகிறது, ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டி விழுகிற அளவுக்கு. நாட் பேசியபடி பணம் தருகிறார். வீட்டை இனி வாடகைக்கு விடலாம்.

யாருக்காக இவ்வளவும் செய்தார்கள்? நாட் கெட்டவர் இல்லை. பிரதி அவரை யோக்கியராகவே காட்டுகிறது, அவர் யோக்கியராகவே இருக்கட்டும். ஆனால் செத்த சொந்தக்காரனை விரட்டி உயிருள்ள சொந்தக்காரனிடம் வீட்டை ஒப்படைப்பதுதான் இந்தக் கதையில் நியாயம் என்று பெயர் பெறுகிறது. வித்தோரியோவுக்குத் தெளிந்ததா? பையன்கள் தாயிடம் வந்தார்களா? பிரதியில் ஒரு வரி இல்லை. லவ்கிராஃப்டின் கதையிலும் இப்படித்தான்: நிலவறைக் குழிக்குள் கந்தக அமிலத்தை ஊற்றி முடித்தபின் வீடு மறுபடி குடியிருக்க லாயக்காகிறது, வாடகை வருகிறது. தலைகீழாகத் திருப்பிய சமன்பாடு கடைசியில் அதே விடையைத் தருகிறது.

இதற்கு ஒரு பதில் எதிர்பார்க்கிறேன். இது ஆட்டம், பிரதி ஒரு எலும்புக்கூடு, கீப்பர் என்று அவர்கள் சொல்கிற அந்த உலகமாக இருப்பவர் தம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம், மனிதத் துயரத்துக்கும் பகடை உருட்டச் சொல்லலாம், யார் தடுத்தது? நியாயம்தான். நல்ல கீப்பர்கள் செய்யவும் செய்வார்கள். ஆனால் எழுதப்பட்ட பிரதியைப் பற்றிப் பேசும்போது, எழுதப்படாத நல்லெண்ணங்களை அதன் கணக்கில் வரவு வைக்க முடியாது. அதுவும் இது முதல் பாடம். எதற்கு அதிர வேண்டும், எதைக் குறித்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்ற பழக்கம் இங்கேதான் கைக்கு வருகிறது. பல பத்திரிகைக் கதைகளைவிட இந்தச் சில பக்கங்கள் மேலானவை என்பதால்தான் இவ்வளவு கோபமும். கையில் வந்த விஷயத்தை அறியாதவனிடம் கோபித்துப் பயனில்லை. இந்தப் பிரதிக்கோ அதன் கை அறிந்திருக்கிறது, அச்சேறாத அந்தக் கட்டுரையை எழுதி வைத்ததே சாட்சி.

ஒரே ஒரு வரியை மாற்றிப் பார்க்கலாம். ஆட்டக்காரர்களைத் தேடிவருவது நாட் இல்லை. பால்டிமோரிலிருந்து அந்த இரண்டு பையன்களை வளர்க்கும் உறவினர். அவரிடம் தர அதிகம் பணமில்லை. வீட்டைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை. அதை இடித்துத் தள்ளினாலும் சரி. அந்த இருவருக்கு அங்கே என்ன நேர்ந்தது, அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பது மட்டுமே அவர் கேள்வி. மற்ற எல்லாம் அப்படியே: 1852, 1866, காணாத தீர்ப்பு, கட்டில், கத்தி. ஆட்டம் துவங்கியதும் முதல் சிக்கல் வரும். அவரிடம் வீட்டுச் சாவி இருக்காது.